வீதியில் விழுந்துகிடப்பவரின் அருகே முதலில் நிற்பவருக்கு: திருகோணமலையிலிருந்து ஒரு வழிகாட்டி

திருகோணமலை நகரிலோ அதைச் சுற்றியுள்ள வீதிகளிலோ ஒரு மோட்டார் சைக்கிள் சரிந்தால், விழுந்தவர் எழுந்து உட்காருவதற்கு முன்பே பத்துப் பேராவது கூடிவிடுவார்கள். ஓட்டோக்காரர் நிறுத்துவார், கடைக்காரர் சோடாப் போத்தலோடு ஓடிவருவார், பஸ்ஸின் யன்னல்களில் தலைகள் நீளும். இங்கே உதவிக்கு ஆள் இல்லை என்று எவரும் குறைகூற முடியாது. ஆனால் அந்தப் பத்துப் பேரில் பொறுப்பை எடுத்துக்கொள்பவர் ஒருவர் இல்லாதபோது, ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியதைச் செய்ய, காயப்பட்டவர் கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகத் தூக்கப்பட்டு ஓட்டோவின் பின்னிருக்கைக்குள் மடித்துத் திணிக்கப்படுகிறார். அதுவரை அம்புலன்ஸுக்கு ஒருவரும் அழைப்பு எடுத்திருக்க மாட்டார், ஏனெனில் வேறு யாரோ எடுத்திருப்பார்கள் என்று எல்லோருமே நினைத்திருப்பார்கள். முதலுதவி செய்து பழக்கமில்லாத, ஆனால் பார்த்தும் பாராமல் கடந்துபோக மனம் வராத ஒருவர் அந்த முதல் பத்து நிமிடங்களில் என்ன செய்யலாம், எதைச் செய்யாமல் விடவேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். வேலை மாற்றலாகி இங்கு வந்தவர்களும், கோணேசபுரி வளாகத்துக்குப் படிக்க வந்திருக்கும் பிள்ளைகளும், ஊரின் இடப்பெயர்கள் இன்னும் நாவில் பழகாதவர்கள் என்பதால், அவர்களையும் மனதில் வைத்திருக்கிறேன்.

கூட்டத்தில் பொறுப்புக் கரைந்துபோவது நமது ஊருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. 1968இல் ஜோன் டார்லி, பிப் லட்டானே என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், அடுத்த அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதாகக் கேட்ட மாணவர்களில், தாம் மட்டுமே அதைக் கேட்பதாக நம்பியவர்களுள் 85 சதவீதத்தினர் அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவி தேடி வெளியே ஓடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாக நம்பியவர்களுள் 31 சதவீதத்தினரே அப்படிச் செய்தார்கள். இதை வைத்து மனிதர் கல்நெஞ்சர் என்று முடிவு கட்டுவது தவறு. 2019இல் வெளியான ஓர் ஆய்வு அம்ஸ்ரடாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய நகரங்களின் தெருக் கமராக்களில் பதிவான 219 சண்டைச் சம்பவங்களைப் பார்த்து, பத்தில் ஒன்பதில் அருகிலிருந்தவர் ஒருவராவது தலையிட்டார் என்று கண்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் புதியவருக்கு வேண்டிய பாடம் கிடைத்துவிடும்: கூட்டத்தில் உதவக்கூடியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களை யாராவது பெயர்சொல்லியோ விரல்நீட்டியோ அழைக்கவேண்டும்.

நிற்பதற்கு முன்

உங்கள் வாகனத்தை விபத்து நடந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, வீதியோரமாக, எச்சரிக்கை விளக்குகள் நான்கும் மின்னும்படி நிறுத்துங்கள். கண்டி வீதியில் வரும் பாரவூர்திகளுக்கு வேகம் குறைய நேரம் எடுக்கும். விழுந்தவரைப் பார்க்கக் குனிந்தவரே அடுத்ததாக அடிபடுவது நடக்காத ஒன்றல்ல. எனவே முதலில் ஒருவரை வாகனங்கள் வரும் திசையில் முப்பது நாற்பது மீற்றர் தள்ளி நிற்கவைத்து, இருட்டானால் கைபேசி வெளிச்சத்தையோ வெள்ளைத் துவாயையோ அசைக்கச் சொல்லுங்கள். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் செல்லும் காட்டு வழியில் இரவில் நிற்க நேர்ந்தால், காயப்பட்டவரைப் பார்ப்பதற்கு முன் இருபுறமும் யானை நிற்கிறதா என்று பார்ப்பதும் இதே முன்னெச்சரிக்கையைச் சேர்ந்ததுதான்.

அறுந்த மின்கம்பி கிடந்தாலோ, மின்கம்பத்தில் மோதிய வாகனத்தின் மேல் கம்பி தொங்கினாலோ கிட்டப் போகவே வேண்டாம். மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அழைத்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிவிட்டு, வாகனத்துக்குள் இருப்பவர்களை உள்ளேயே அசையாமல் இருக்கும்படி தூரத்திலிருந்து சத்தமிட்டுச் சொல்லுங்கள். வீட்டுக்குள் மின்சாரம் தாக்கியவரை, பிரதான ஆளியை நிறுத்துவதற்கு முன் தொடக்கூடாது.

அழைப்பு: எங்கே என்று சொல்லத் தெரிந்திருத்தல்

மூன்று இலக்கங்களை மனப்பாடமாக வைத்திருங்கள். 1990 என்பது சுவசெரிய அம்புலன்ஸ் சேவை. 2016இல் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கப்பட்டுப் பின்னர் நாடெங்கும் விரிந்தது. ஒரு சதமும் அறவிடுவதில்லை. 119 பொலிஸ் அவசர அழைப்பு. 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். வெள்ளம், புயல், மண்சரிவு போன்றவற்றுக்கு அது உரியது. இலக்கம் தெரிந்திருப்பது பாதி வேலை என்றால், மீதிப் பாதி நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்வதாகும். அந்த மீதிப் பாதியில் நான் தவறியிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் மாரிகால மாலையொன்றில், சாம்பல்தீவுக்கு அப்பால், வீதியின் நடுவே படுத்திருந்த மாட்டில் மோதி ஓர் இளைஞர் எனக்கு முன்னால் விழுந்தார். மாடு எழுந்து நடந்து போய்விட்டது, அவர் எழவில்லை. நான் 1990க்கு அழைத்தேன். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார்கள். நிலாவெளி வீதியில் என்றேன். நிலாவெளி வீதியில் எந்த இடம் என்று கேட்டார்கள். பாலத்துக்குக் கிட்ட என்றேன். பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, எவ்வளவு தூரம் என்று அடுத்தடுத்துக் கேட்டபோது, பதினைந்து வருடமாக நாளாந்தம் போய்வரும் வீதியைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற, பதினாறு வயதுகூட இராத ஒரு பையன், "அண்ணை, ஃபோனைத் தாங்கோ" என்று வாங்கி, "ரவுணில இருந்து வந்தா பாலம் தாண்டி ஒரு கிலோமீற்றர், இடதுகைப் பக்கம் அரிசி ஆலை, அதுக்கு நேரெதிர், வெள்ளைப் பட்டா ஒன்று நிக்குது" என்று ஒரே மூச்சில் சொன்னான் (பட்டா என்பது சிறிய லொறி). அம்புலன்ஸ் நேராக வந்து நின்றது. அந்தப் பையன் சொன்ன வரிசையையே இன்றுவரை நான் பின்பற்றுகிறேன்: எந்தத் திசையிலிருந்து வருகிறார்கள், எந்தப் பெரிய அடையாளத்தைத் தாண்டவேண்டும், அதன்பின் எவ்வளவு தூரம், எந்தக் கைப்பக்கம், கண்ணில் படக்கூடிய பொருள் என்ன.

நகரத்துக்குள் நின்றால் கடைப் பெயர்ப்பலகையைப் பாருங்கள். பெரும்பாலான பலகைகளில் வீதியின் பெயரும் இலக்கமும் அடியில் எழுதப்பட்டிருக்கும். நெடுஞ்சாலையில் கிலோமீற்றர் கல் ஒன்றைத் தேடி எண்ணை வாசியுங்கள். ஒழுங்கைக்குள்ளோ கிரவல் வீதியிலோ நின்றால், பிரதான வீதியின் முகப்பில் ஒருவரை நிற்கவைத்து அம்புலன்ஸுக்கு வழிகாட்டச் சொல்வதைவிடச் சிறந்த வழி இல்லை. பிறகு, எத்தனை பேர் காயப்பட்டிருக்கிறார்கள், நினைவோடு இருக்கிறார்களா, மூச்சு விடுகிறார்களா, இரத்தம் கடுமையாகப் போகிறதா என்ற நான்கையும் சொல்லுங்கள். மறுமுனையில் இருப்பவர் வைக்கச் சொல்லும்வரை அழைப்பைத் துண்டிக்காமல், கைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு நிலத்தில் வையுங்கள். என்ன செய்வது என்று அவர் சொல்லச் சொல்ல உங்கள் இரண்டு கைகளும் வேலை செய்யலாம்.

அம்புலன்ஸுக்குக் காத்திருப்பதா, கிடைத்த வாகனத்தில் ஏற்றுவதா என்பது அடிக்கடி வாக்குவாதமாக மாறும் கேள்வி. நகரை ஒட்டிய இடங்களில், கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது, காத்திருப்பதே சரி என்பது என் கருத்து. வெருகல், ஈச்சிலம்பற்று போன்ற தொலைவான ஊர்களில், வண்டி வர நேரமாகும் என்று 1990இலேயே சொன்னால், வானிலோ பட்டாவிலோ நீட்டிப் படுக்கவைத்து மூதூர் ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது சரியாக இருக்கலாம். கிண்ணியாவிலும் கந்தளாயிலும் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. நகரில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. ஓட்டோ என்பது உட்காரக்கூடியவருக்கு உரிய வாகனம் என்று மட்டும் நினைவில் வையுங்கள்.

கூட்டத்துக்கு வேலை கொடுத்தல்

"யாராவது அம்புலன்ஸுக்கு எடுங்கோ" என்று பொதுவாகக் கத்தினால் ஒருவரும் எடுக்கமாட்டார். நீலச் சட்டை போட்ட தம்பியை நேராகப் பார்த்து, கை நீட்டி, "தம்பி, நீங்கள் 1990க்கு எடுத்து என்ன சொன்னார்கள் என்று எனக்கு வந்து சொல்லுங்கோ" என்று கேட்டால், அவர் மறுப்பது அரிது. கடைக்கார முதலாளியிடம் சுத்தமான துணி கேளுங்கள். வீடியோ எடுத்துக்கொண்டிருப்பவரோடு சண்டைக்குப் போகாமல், "அண்ணை, அந்த லைற்றை இங்கே பிடியுங்கோ" என்று சொல்லுங்கள். எடுத்த கையே விளக்குப் பிடிக்கும் கையாக மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கூடியவர்களை நோக்கி, இவர்களில் தாதியோ, வைத்தியரோ, இராணுவத்தில் முதலுதவி பயின்றவரோ உண்டா என்று ஒருமுறை உரத்துக் கேளுங்கள். உங்களைவிடத் தெரிந்தவர் முன்வந்தால் இடத்தை விட்டுக்கொடுத்து அவர் சொல்வதைச் செய்யுங்கள்.

மூன்று மொழி புழங்கும் மாவட்டம் இது. விழுந்தவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். "பய வென்ன எப்பா" என்றால் பயப்பட வேண்டாம், "ஹொல்லன்ன எப்பா" என்றால் அசைக்க வேண்டாம், "கொஹெத ரிதென்னே" என்றால் எங்கே வலிக்கிறது. இந்த மூன்று சிங்கள வசனங்களைத் தெரிந்துவைத்திருப்பது, கூட்டத்தில் காயப்பட்டவரைத் தூக்க முண்டியடிப்பவர்களைத் தடுக்கவும் உதவும். எந்த மொழியானாலும், அருகில் அமர்ந்து உங்கள் பெயரைச் சொல்லி, என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். காயப்பட்டவர் பெண்ணாக இருந்தால், கூட்டத்திலுள்ள அக்கா ஒருவரை அழைத்து அருகில் அமரச்செய்து, சால்வையாலோ சறத்தாலோ உடலை மூடுங்கள். பெண் ஒருவர் வரும்வரை பொங்கும் இரத்தத்தை அழுத்தாமல் காத்திருக்க மட்டும் கூடாது.

மூச்சு, இரத்தம், கழுத்து

இந்த மூன்றும் இந்த வரிசையில்தான். தோள்களைத் தட்டி உரத்துக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் நெற்றியில் ஒரு கையை வைத்து, மறுகை விரல்களால் தாடையை மெல்ல உயர்த்தி, உங்கள் கன்னத்தை மூக்கருகே கொண்டுபோய், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பத்து விநாடிக்கு மேற்படாமல் பாருங்கள். கரையில் போட்ட மீனைப்போல் இடையிடையே வாய் பிளந்து இழுப்பது மூச்சுக் கணக்கில் சேராது. இதைப் பார்த்து "மூச்சு இருக்கிறது" என்று கூட்டம் ஆறுதல் அடைவதால் போகும் உயிர்கள் உண்டு.

மூச்சு இல்லையென்றால் நெஞ்சு அழுத்தத்தைத் தொடங்குங்கள். ஆளை உறுதியான தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறுகையைக் கோர்த்து, முழங்கை மடங்காமல், வளர்ந்தவரானால் 5 முதல் 6 சென்ரிமீற்றர் வரை கீழே போகும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு என்பதால், வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்வது நல்லது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுவதும் மேலே எழ விடவேண்டும். பயிற்சி பெற்றவர் 30 அழுத்தத்துக்கு 2 ஊதல் என்ற கணக்கில் செய்வார். பயிற்சி இல்லாதவர் ஊதாமல் அழுத்தம் மட்டும் கொடுத்தாலும் போதும். இரண்டு நிமிடத்தில் உங்கள் தோள் இறங்கிவிடும், அதை உணராமல் அழுத்தம் மேலோட்டமாகிவிடும். ஆகவே தொடங்கும்போதே அடுத்தவரை எதிர்ப்பக்கத்தில் மண்டியிடவைத்து, எண்ணிக்கை முடிந்ததும் இடைவெளி விழாமல் மாறிக்கொள்ளுங்கள். விலா எலும்பு முறியும் சத்தம் கேட்கலாம். நிறுத்தாதீர்கள்.

மூச்சு இருக்கிறது, ஆனால் நினைவு இல்லை, கழுத்தில் அடிபட்ட அறிகுறியும் இல்லை என்றால், ஒருக்களித்துப் படுக்கவைத்து வாய் தரையை நோக்கி இருக்கும்படி செய்யுங்கள். வாந்தியும் இரத்தமும் தொண்டைக்குள் போகாமல் வெளியே வரும். இந்த நிலையில் இருப்பவருக்குச் சோடா, தண்ணீர், இளநீர் எதையும் பருக்கக்கூடாது. நம் ஊரில் மிகுந்த அன்போடு செய்யப்படும் தவறு இது. சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் வயிற்றில் உள்ள நீரும் இடைஞ்சலாகும் என்பதால், நினைவோடு இருந்து தாகம் என்று கேட்பவருக்கும் உதட்டை நனைப்பதோடு நிறுத்துங்கள்.

இரத்தம் பாய்ந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்து, அதன்மேல் உள்ளங்கையால் பலமாக அழுத்தி, துணி ஊறினாலும் எடுத்துப் பார்க்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்தத்தைத் தொடருங்கள். கோப்பித்தூள், சீனி, மஞ்சள், சாம்பல் எதையும் கொட்டாதீர்கள். காயத்தில் கண்ணாடியோ கம்பியோ குத்தி நின்றால் பிடுங்காமல், அதைச் சுற்றி அழுத்துங்கள். கையுறை இல்லையென்றால் கடையில் கிடைக்கும் சொப்பிங் பைக்குள் கையை விட்டுக்கொண்டு அழுத்தலாம். பின்னர் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள்.

மோட்டார் சைக்கிள் விபத்தில் கழுத்தெலும்பைச் சந்தேகிப்பதே பாதுகாப்பு. மாட்டில் மோதிய அந்த இளைஞரின் தலைமாட்டில், சறம் கட்டிய வயதான நானா ஒருவர் ஈர நிலத்தில் முழங்காலிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் தலைக்கவசத்தின் இருபுறமும் வைத்து, அம்புலன்ஸ் வரும்வரை ஏறக்குறைய இருபது நிமிடம், கால் மரத்துப்போனபோதும் கையை எடுக்காமல், "அசையாத மகன், இந்தா வருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தூக்க வந்தவர்களை அவர் கண்ணாலேயே நிறுத்தினார். செய்யவேண்டியது அவ்வளவுதான். மூச்சு தடைப்பட்டாலோ, நெஞ்சு அழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தாலோ, வாகனம் தீப்பிடிக்கும் அபாயம் இருந்தாலோ தவிர, அசைக்கவும் வேண்டாம், தலைக்கவசத்தைக் கழற்றவும் வேண்டாம். முகத்தட்டை மட்டும் மேலே தூக்கிவிடுங்கள்.

கடலிலும் களப்பிலும்

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் மே முதல் செப்ரெம்பர் வரை கடல் குளம்போலக் கிடப்பதைப் பார்த்துப் பழகியவர்கள், வாடைக்காற்று தொடங்கியபின் அதே இடத்தில் இறங்கி அகப்படுகிறார்கள். ஒருவர் இழுபடுவதைக் கண்டால் பின்னால் குதிக்காதீர்கள். நீந்தத் தெரிந்தவரையும் மூழ்குபவர் கழுத்தைப் பிடித்து அமிழ்த்திவிடுவார், அதில் அவருடைய குற்றம் ஒன்றுமில்லை. மிதக்கக்கூடிய எதையாவது எறியுங்கள்: மூடிய வெற்றுக் கேன், ரியூப், மீன்பிடி வலையின் மிதவை. கயிறோ நீண்ட தடியோ கிடைத்தால் நீங்கள் தரையில் படுத்துக்கொண்டு நீட்டுங்கள். கரைநோக்கி நேரே நீந்திக் களைக்காமல், மிதந்தபடி பக்கவாட்டாக வரச்சொல்லிச் சைகை காட்டுங்கள். இழுக்கும் நீரோட்டம் அகலம் குறைந்தது, பக்கவாட்டில் நீந்தினால் அதிலிருந்து வெளியேறலாம். வாடிகளில் இருக்கும் மீனவர்களிடம் ஓடுங்கள், அவர்களிடம் படகும் உண்டு, கடலின் மனமும் தெரியும். 2021 நவம்பரில் கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் பாதை எனப்படும் மிதவைப் படகு கவிழ்ந்து, பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்த காலையிலும், கரையில் நின்ற ஊரவர்கள் நீருக்குள் இறங்கித் தூக்கினார்கள்.

கரைக்குக் கொண்டுவந்தபின் தலைகீழாகத் தூக்கிக் குலுக்குவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முயல்வதும் வேண்டாம். அதனால் வயிற்றில் உள்ளதே மூச்சுக்குழாய்க்குள் போகும், நேரமும் வீணாகும். நீரில் மூழ்கியவருக்குக் குறைவது மூச்சுக்காற்று என்பதால், ஊதத் தெரிந்தவர் இருந்தால் முதலில் ஐந்து தடவை வாயோடு வாய் வைத்து ஊதிவிட்டு, பிறகு 30க்கு 2 என்ற கணக்கில் தொடரவேண்டும். எழுந்து உட்கார்ந்து பேசத் தொடங்கியவரையும் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். நுரையீரலுக்குள் போன நீரின் விளைவு சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம்.

வயல்வரம்பிலும் கோயில் படியிலும்

தம்பலகாமத்திலோ மூதூரிலோ வயலில் ஒருவரைப் பாம்பு தீண்டினால், கடித்த இடத்தை வெட்டாமல், உறிஞ்சாமல், மேலே இறுக்கிக் கட்டாமல், மோதிரம், காப்பு, கொலுசுகளைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ தடியொன்றோடு சேர்த்து அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டாம்; தூரத்திலிருந்து படம் எடுக்க முடிந்தால் போதும். கட்டுவிரியன் கடியில் வலியோ வீக்கமோ இல்லாமலே, நித்திரையில் கடிபட்டவர் விடியற்காலையில் இமை திறக்க முடியாமல் போகலாம் என்பதால், "ஒன்றுமில்லை" என்று காத்திருக்கக்கூடாது. விஷகடிப் பரிசாரியார்மேல் எனக்கு மரியாதைக் குறைவு ஏதுமில்லை. ஆயினும் விஷமுறிவு ஊசி அரச வைத்தியசாலையில்தான் இருக்கிறது, முதலில் போகவேண்டிய இடமும் அதுதான்.

வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், பற்களுக்கிடையே கரண்டி வைப்பதும் இன்னும் நடக்கிறது. இரும்பால் வலிப்பு நிற்பதில்லை, கரண்டியால் பல் உடைவதுண்டு. சுற்றியுள்ள கல்லையும் கதிரையையும் அகற்றி, தலைக்குக் கீழே துவாயை வைத்து, மணிக்கூட்டைப் பாருங்கள். அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, அடங்கி மீண்டும் வந்தாலோ உடனே 1990.

கச்சான் என்னும் வறண்ட, சூடான காற்று அடிக்கும் மாதங்களில் கோணேசர் கோயிலுக்கு ஏறிவரும் முதியவர்கள் சுருண்டு விழுவதுண்டு. நிழலில் மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, கூட்டத்தை விலக்கினால் சாதாரண மயக்கம் சில நிமிடத்தில் தெளியும். ஆனால் எழுந்தவரைச் சிரிக்கச் சொல்லி, இரண்டு கையையும் தூக்கச் சொல்லி, ஒரு வசனம் பேசச் சொல்லுங்கள். வாய் கோணினால், ஒரு கை இறங்கினால், நா குழறினால் அது பாரிசவாதம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்துக்குள்தான் கொடுக்கப்படும் என்பதால், அறிகுறி தொடங்கிய நேரத்தைக் கையிலாவது எழுதிக்கொள்ளுங்கள்.

தீக்காயத்துக்கு இருபது நிமிடம் ஓடும் தண்ணீர். பற்பசையும் நல்லெண்ணெயும் வேண்டாம். நஞ்சு உட்கொண்டவரை வாந்தியெடுக்க வைக்க வேண்டாம். அருகே கிடக்கும் போத்தலையோ உறையையோ வைத்தியசாலைக்கு எடுத்துப்போங்கள்.

பொருட்கள், பொலிஸ், படங்கள்

காயப்பட்டவரின் கைபேசி, பணப்பை, சங்கிலி ஆகியவற்றைக் கூட்டத்தில் இன்னொருவரைச் சாட்சியாக வைத்து எண்ணி, ஒரே பைக்குள் போட்டு, அம்புலன்ஸ் ஊழியரிடமோ பொலிஸாரிடமோ கொடுத்து, வாங்கியவரின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசி பூட்டியிருந்தாலும் அவசரத் தொடர்பு இலக்கம் திரையில் தெரியக்கூடும். தெரியாவிட்டால், வீட்டிலிருந்து அழைப்பு வரும்போது எடுத்துப் பேசுங்கள். பேசும்போது, எந்த வைத்தியசாலை என்பதை முதலில் சொல்லுங்கள்.

விபத்தில் சம்பந்தப்பட்ட சாரதி நிறுத்தி உதவி செய்து பொலிஸுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். கோபத்தில் அவரைக் கூட்டம் அடிக்கத் தொடங்கினால், அடிபட்டவர் இருவராவார். சாரதியை ஒருபக்கம் உட்காரவைத்து, வாகன இலக்கத்தகட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "கேசில் மாட்டிக்கொள்வோம்" என்ற பயத்தில்தான் பலர் நிற்காமல் போகிறார்கள். பொலிஸார் பெயரும் முகவரியும் கேட்கலாம், வாக்குமூலம் பதியலாம். கண்டதை மட்டும் சொல்லுங்கள், ஊகித்ததைச் சொல்லாதீர்கள். தமிழ் அரசகரும மொழி என்பதால், உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் பதியும்படி கேட்கலாம். புரியாத மொழியில் எழுதியதில் வாசித்து விளங்காமல் கையொப்பமிட வேண்டாம்.

படங்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எனக்குத் தெரிந்த குடும்பமொன்று, தந்தை விபத்தில் சிக்கியதை, இரத்தத்தில் கிடந்த அவருடைய முகத்தை வட்ஸ்அப் குழுவொன்றில் பார்த்தே அறிந்தது. பார்த்தது பத்து வயது மகள். வாகனத்தையும் வீதியையும் படமெடுப்பது பின்னர் பயன்படும். முகத்தை எடுப்பது எதற்கும் பயன்படாது.

அம்புலன்ஸ் போனபின்

ஊழியரிடம் மூன்று விடயங்களைச் சொல்லிவிட்டால் உங்கள் வேலை முடிந்தது: எத்தனை மணிக்கு நடந்தது, நீங்கள் வந்தபோது எப்படிக் கிடந்தார், நீங்கள் என்ன செய்தீர்கள். அதன்பின் கை நடுங்கினால் அது இயல்பு. உடனே வாகனம் ஓட்டாமல், பக்கத்துக் கடையில் சீனி போட்ட தேநீர் ஒன்று குடித்துவிட்டுப் புறப்படுங்கள். இரண்டு மூன்று இரவுகள் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வரலாம். வாரங்கள் கடந்தும் விடாமல் தொடர்ந்தால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தில் பேசலாம்.

இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி அளிக்கின்றன. நெஞ்சு அழுத்தத்தை எழுத்தில் வாசிப்பதற்கும், பயிற்சிப் பொம்மையின் மேல் ஒருமுறை செய்து பார்ப்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. அதுவரைக்கும், மோட்டார் சைக்கிளின் இருக்கைக்குக் கீழே ஒரு சோடிக் கையுறை, துவைத்து மடித்த பழைய பருத்தித் துணி இரண்டு, சிறிய ரோர்ச் ஒன்று ஆகியவற்றைச் சொப்பிங் பையில் சுற்றி வையுங்கள். நாளைக்கு வேலைக்குப் போகும் வழியில், பாலம் எது, அரிசி ஆலை எந்தக் கைப்பக்கம், பள்ளிவாசல் எந்தச் சந்தியில், கிலோமீற்றர் கல்லில் என்ன எண் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு போங்கள்.